மலைப்பள்ளியும் குடிமைப் பாடமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. தொடக்கப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் பாடங்களுள் இப்பழமொழிக்கு மிக எளிதில் இலக்காவது குடிமைப் பாடமே. கூட்டலும் கழித்தலும் அறியாத பிள்ளையைக் கடைத்தெருவில் ஒரு நொடியில் கண்டுகொள்ளலாம். சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் மனப்பாடமாய் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை அவற்றை உண்மையில் கற்றதா என்பது இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவரும்.

அப்படித் தெரியவந்த சில நாட்களைக் கள்ளக்குறிச்சி கண்டது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அவ்வூரின் பெயர், ஐந்தாண்டுகளுக்குள் இருமுறை நாடெங்கும் பேசப்பட்டது. 2022 ஜூலை 17 அன்று சின்னசேலம் வட்டாரத்தில், ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டுத் திரண்ட கூட்டம் பள்ளி வளாகத்துக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன; வகுப்பறைகள் சூறையாடப்பட்டன; மேசை நாற்காலிகளைத் தலையில் தூக்கிச் சென்றவர்களும் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பள்ளியை எரித்தவர்களும், நஞ்சை விற்றவர்களும், கண்டும் காணாதிருந்தவர்களும் வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். அவர்களுள் பெரும்பாலோர் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியில் காலை வரிசையில் நின்று, வலக்கையை நீட்டி, நாட்டு உறுதிமொழி சொன்னவர்களே.

அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மெத்தனால் மலையில் விளைவதன்று. தொழிற்சாலையில் செய்யப்படும் பொருள். ஆயினும் கள்ளச்சாராயம் காய்ச்சும் மலை என்னும் கெட்ட பெயர் நெடுங்காலமாக அம்மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் ஏன் அத்தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள், அவர்களுக்குச் சாலை உண்டா, மருத்துவமனை உண்டா, பள்ளி உண்டா என்று நீதிமன்றம் அரசை வினவியது.

நாம் இங்கே எழுப்ப விரும்பும் வினாவும் அதுவே. குடிமைப் பண்பைச் சிறு பிள்ளைக்குக் கற்பிப்பது எப்படி? அதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே புரட்டவேண்டும்.

மலையும் ஜாகீரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணையை அடுத்து மலையேறி வெள்ளிமலையை அடைகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பிரிவாக அதனை வழங்குவர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியன விளையும்; புளி, தேன், பலா, கடுக்காய் ஆகியன கிடைக்கும்.

கடுக்காய் நம் வாசகர்கள் பலருக்குப் பழகிய பொருளே. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்ததில் நம் சமுதாயத்தாருக்குப் பெரும் பங்குண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயுமின்றி அத்தொழில் நடவாத காலம் ஒன்று இருந்தது. மலைகளில் பொறுக்கிய காய் சமவெளிச் சந்தைக்கு வந்து விலைபோயிற்று. காயின் விலை நமக்குத் தெரிந்த அளவுக்கு, அதைப் பொறுக்கிய சிறுவன் எந்தப் பள்ளியில் படித்தான் என்பது நமக்குத் தெரியாமலே போயிற்று.

அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பது பெயரின் பொருள். கேரள மக்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை.

இம்மலையை ஜடய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று பரம்பரையினர் ஜாகீர்தார்களாக இருந்து ஆண்டனர். ஜாகீர் என்பது பாரசீகச் சொல். முகலாயர் ஆட்சியில், அரசுப் பணி செய்வோருக்கு ஊதியத்துக்கு ஈடாக ஒரு பகுதியின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமையை அளிப்பர். அது பரம்பரைச் சொத்தன்று, வேந்தர் விரும்பினால் மாற்றுவார். இம்மலையிலோ அது தலைமுறை தலைமுறையாக நிலைத்த ஆட்சியாகவே ஆகிவிட்டது. நிலம் ஜாகீர்தாருடையது, உழுபவன் அவருக்கு வரி கொடுத்தான், கூலியில்லாத வெட்டி வேலையும் வழக்கில் இருந்தது.

1947இல் நாடு விடுதலை பெற்றது. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் இயற்றியது. சமவெளியில் ஜமீன்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1950 ஜனவரி 26இல் குடியரசு மலர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் கல்வராயன் மலையின் ஜாகீர்கள் 1976ஆம் ஆண்டு வரை நீடித்தன. அவ்வாண்டில்தான் அரசு மலையைத் தன் நேரடி நிர்வாகத்தின்கீழ் எடுத்துக்கொண்டது. குடியரசு பிறந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் அம்மலையின் சிறுவன் ஒருவன், உன் ஊரை ஆள்பவர் யார் என்று கேட்டால், ஜாகீர்தாரின் பெயரைத்தான் சொல்லியிருப்பான். பாடநூல் அதற்கு வேறு விடை வைத்திருந்தது.

அந்த 1976ஆம் ஆண்டு

வேறு இரண்டு காரணங்களாலும் அவ்வாண்டு கருதற்குரியது. 1976 பிப்ரவரியில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் வந்தது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது அத்திருத்தமே. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் பத்தினை அரசியல் சட்டத்தில் சேர்த்ததும் அதுவே. 1977 ஜனவரி 3 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பள்ளிகளில் குடிமைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு அன்றுமுதல் அப்பட்டியல் கைவிளக்காயிற்று.

அக்கடமைகளில் குறைசொல்ல ஏதுமில்லை. கொடியை மதித்தல், மதமும் மொழியும் கடந்து சகோதரத்துவம் பேணுதல், காடும் ஆறும் காத்தல், பொதுச் சொத்தைப் பாதுகாத்தல் யாவும் நல்லனவே. எனினும் அவை எழுதப்பட்ட வேளையை நாம் மறக்கலாகாது. அது நெருக்கடி நிலைக்காலம். உரிமைகள் பல முடக்கப்பட்டிருந்தன. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தனர். உரிமைகள் உறங்கிக்கிடந்த வேளையில் கடமைகள் எழுதப்பட்டன.

கல்வராயன் மலையிலும் அவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்ந்தன. அப்போதுதான் ஜாகீரிலிருந்து விடுபட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளையிடம், நாட்டுக்கு நீ செய்யவேண்டிய கடமைகள் பத்து என்று பாடம் சொல்லும் நிலை ஏற்பட்டது. நாடு அப்பிள்ளைக்குச் செய்யவேண்டிய கடமைகளோ இன்னும் மலையேறி வந்தபாடில்லை.

பாரிசும் அல்ஜியர்சும்

இந்த முரண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. தொடக்கப் பள்ளியில் குடிமைப் பாடத்தைச் சட்டத்தால் புகுத்திய நாடுகளுள் முன்னோடி பிரான்சு. கல்வியமைச்சர் ழூல் ஃபெரியின் முயற்சியால் 1882 மார்ச் 28 அன்று இயற்றப்பட்ட சட்டம், தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பாடத்திட்டத்தில் முதலிடம் பெற்றது ஒழுக்கமும் குடிமையும் பற்றிய பாடம். மன்னருக்கும் குருமாருக்கும் கீழ்ப்படிந்து பழகிய மக்களைக் குடியரசின் மக்களாக ஆக்குவது அதன் நோக்கம்.

அதே பிரான்சு அல்ஜீரியாவை ஆண்டு வந்தது. அங்கிருந்த முஸ்லிம்களுக்கென 1881 ஜூனில் ஒரு தனித் தண்டனை விதித்தொகுப்பை அது இயற்றியிருந்தது. பாரிசுப் பிள்ளைக்குச் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று பாடம். அல்ஜியர்சின் முஸ்லிமுக்கோ தனிச் சட்டம், தனித் தண்டனை. அவர் குடிமகன் அல்லர், ஆளப்படுபவர். அங்கே சமத்துவப் பாடம் நடந்தால் பிள்ளைகள் அதை எவ்வாறு கேட்டிருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதே 1882இல் நம் நாட்டில் ரிப்பன் பிரபு ஒரு கல்விக் குழுவை அமைத்தார். ஹண்டர் குழு எனப்படுவது அது. தனிக் கவனம் வேண்டும் பிரிவினர் பற்றி அக்குழு தன் அறிக்கையில் ஓர் இயலே ஒதுக்கியது. முஸ்லிம்களும் பழங்குடியினரும் அந்த ஓர் இயலுக்குள்தான் வருகின்றனர். இந்தச் செய்தி நம்மைச் சற்று நின்று சிந்திக்க வைக்கிறது. மலைவாழ் மக்களும் நாமும் ஒருவரையொருவர் அறியாதிருந்தோம்; கல்வியில் பின்தங்கியோர் பட்டியலிலோ அருகருகே நின்றோம்.

வார்தாவில் ஒரு தமிழ்க் குரல்

குடிமைப் பண்பைச் சொற்பொழிவால் வளர்க்க முடியாது, கூடி உழைப்பதால்தான் வளர்க்க முடியும் என்று கூறியவர்களுள் ஜெர்மானியக் கல்வியாளர் கெர்ஷன்ஸ்டைனர் முதன்மையானவர். மியூனிக் நகரப் பள்ளிகளை நிர்வகித்த அவர், 1901இல் குடிமைக் கல்வி பற்றி எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. பிள்ளைகள் ஒரு பொருளைச் சேர்ந்து செய்யட்டும். ஒருவர் தவறினால் மற்றவர் உழைப்பு வீணாவதை அவர்கள் கண்ணால் காணட்டும். பொறுப்பு தானே வரும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையால் ஈர்க்கப்பட்டவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். 1897இல் ஐதராபாத்தில் பிறந்து, 1920இல் ஜாமியா மில்லியா தோன்றியபோது அதன் இளம் நிறுவனர்களுள் ஒருவராக நின்றவர். பெர்லினில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1926இல் திரும்பி, வறுமையில் வாடிய அந்த நிறுவனத்தை இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தாங்கி நின்றார். 1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டியபோது, புதிய பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்.

அக்குழுவில் நம் மொழி பேசும் இருவர் இருந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. குழுவின் அமைப்பாளரான ஆரியநாயகம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றியவர். மற்றவர் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, தஞ்சையில் பிறந்த தமிழ்க் கிறித்தவர். வினோபா, காகா காலேல்கர், குலாமுஸ் சையிதைன் ஆகியோரும் இருந்தனர். பல சமயத்தாரும் பல மொழியினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து இந்தியச் சிறுவனுக்கு எது கற்பிப்பது என்று ஆலோசித்தனர்.

அவ்வறிக்கை சமூகப் பாடத்துக்கு வகுத்த நோக்கங்கள் இன்றும் ஒளி குன்றாதவை. தாய்நாட்டின் மீது அன்பு வேண்டும். அதன் பழமையை மதிக்கவேண்டும். அன்பும் உண்மையும் நீதியும் அடிப்படையாக அமையும் வருங்காலத்தில் நம்பிக்கை வேண்டும். உரிமையும் பொறுப்பும் உணரவேண்டும். உலகச் சமயங்கள் யாவற்றையும் மதிக்கப் பழகவேண்டும் என்று அது கூறிற்று. இவற்றைத் தனிப் பாடமாக ஒப்பிக்க வைக்காமல், பள்ளி வாழ்க்கையிலேயே பழக்கவேண்டும் என்பது திட்டம். பள்ளியைக் கூட்டுவதும், கிணற்றைத் தூய்மை செய்வதும், நூல் நூற்பதும், தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுப்பதும் பாடமே.

ஜாகிர் ஹுசைன் சிறுவர்களுக்காக உருதுவில் எழுதிய கதை ஒன்று உண்டு. அப்பு கானின் ஆடு என்பது அதன் பெயர். அல்ஃபோன்சு தோதே என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் கதையைத் தழுவியது. மலையூரில் அப்பு கான் என்னும் முதியவர் சாந்தினி என்னும் ஆட்டை அன்போடு வளர்க்கிறார். அதற்குத் தீனிக்குக் குறைவில்லை. கழுத்தில் கயிறு மட்டும் உண்டு. அது கயிற்றை விட்டு மலைக்கு ஓடிவிடுகிறது. இரவில் ஓநாய் வருகிறது. தோற்போம் என்று தெரிந்தும் சாந்தினி விடியும்வரை எதிர்த்து நின்று, பொழுது புலரும்போது வீழ்கிறது. மரத்திலிருந்த பறவைகள் ஓநாய் வென்றது என்கின்றன. முதிய பறவை ஒன்று மட்டும் சாந்தினியே வென்றது என்கிறது. விடுதலை என்னும் சொல்லை விளக்க ஒரு பக்கம் இலக்கணம் எழுதியிருந்தாலும் இந்த ஓர் ஆடு கற்பித்ததை அது கற்பித்திராது. பின்னாளில் 1967 முதல் 1969இல் மறையும் வரை நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர், சிறு பிள்ளைகளுக்கு ஆட்டுக் கதை எழுதுவதைச் சிறுமையாக எண்ணவில்லை.

நம்மவர் எழுப்பிய ஐயம்

வார்தா திட்டத்தை அன்றைய முஸ்லிம்களில் ஒரு பெரும் பகுதியினர் ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சமயக் கல்விக்கு அதில் இடமில்லை. தேசியம் என்ற பெயரால் பெரும்பான்மையினரின் பழக்கவழக்கங்கள் பள்ளிக்குள் நுழையும் என்று அஞ்சினர். 1938இல் முஸ்லிம் லீக் வெளியிட்ட பீர்பூர் அறிக்கையிலும் கல்வித் திட்டங்கள் பற்றிய மனக்குறைகள் இடம்பெற்றன. திட்டத்தை வகுத்தவரே ஒரு முஸ்லிம் என்பது அவ்வச்சத்தைத் தணிக்கவில்லை.

அந்த அச்சம் முழுவதும் பொருந்தாதது என்று தள்ளிவிட முடியாது. நாட்டுப்பற்றுக்குப் பெரும்பான்மையினரின் உடையைப் போர்த்திவிட்டு, அதனை அணியாதவன் நாட்டுப்பற்று இல்லாதவன் என்று சொல்லும் ஆபத்து எக்காலத்தும் உண்டு. அதற்காகப் பொதுப் பள்ளியை விட்டு விலகி நிற்பதும் தீர்வாகாது. ஜாகிர் ஹுசைன் இரண்டையும் செய்தார். தம் சமயப் பற்றை விடாமல் ஜாமியாவை நடத்தினார். பொதுக் கல்வியின் வாயிலில் நின்று, சமயங்கள் அனைத்துக்கும் மதிப்பு என்னும் விதியைப் பாடத்திட்டத்திலேயே எழுதி வைத்தார். வெளியே நின்று குறைசொல்வதைவிட, உள்ளே அமர்ந்து எழுதுவது பயன் தந்தது.

ஒரே பந்தி

நம் தமிழகத்தில் தேசியக் கல்வி கண்ட முதற்பெரும் சோதனை வகுப்பறையில் நிகழவில்லை. உணவுக் கூடத்தில் நிகழ்ந்தது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம், காங்கிரசின் நிதியுதவியும் பெற்ற தேசியப் பள்ளி. நாட்டுக்கு உழைக்கும் இளைஞர்களை உருவாக்குவதே அதன் குறிக்கோள். அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகவும் ஏனையோருக்குத் தனியாகவும் உணவு இடப்பட்டது. 1924, 1925 ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதனை எதிர்த்துக் கிளம்பினர். தமிழக அரசியலின் போக்கையே திருப்பிய பூசல்களுள் ஒன்றாக அது ஆயிற்று. ஐயரின் தியாகத்தையோ நாட்டுப்பற்றையோ எவரும் ஐயுற்றதில்லை. எனினும் காலையில் வகுப்பறையில் கற்பித்த தேசியத்தை, நண்பகலில் உணவுக் கூடம் அழித்துவிட்டது.

தொழிலோடு இணைந்த கல்வி என்னும் கருத்தும் தமிழகத்தில் ஒருமுறை தடம் மாறியது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய பொழுதில் தந்தையின் தொழிலைப் பழகட்டும் என்றது. வார்தா திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொழிலைச் சேர்ந்து பழகினர். இத்திட்டத்திலோ ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் சாதித் தொழிலுக்கே திரும்பவேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். எதிர்ப்பு வலுத்தது, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நிலைத்திருந்தால் சலவையாளர் மகன் துணி வெளுத்திருப்பான். கல்வராயன் மலைச் சிறுவன் கடுக்காய் பொறுக்கிக்கொண்டே இருந்திருப்பான்.

காமராசர் வேறு வழியைக் கண்டார். 1956இல் பள்ளியில் மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். கல்வித்துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு ஊர் மக்களைத் திரட்டிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். கட்டடமும் கரும்பலகையும் சீருடையும் ஊர் மக்கள் கொடையாக வந்தன. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

பசி தீர்ப்பது இவற்றின் முதற்பயன். சேரன்மாதேவியை நினைத்துப் பார்த்தால் இரண்டாவது பயன் விளங்கும். எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தச் சமயப் பிள்ளையும் ஒரே வரிசையில், ஒரே தட்டு வகையில், ஒரே உணவை உண்கின்றனர். நம் ஊர்களில் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட பழக்கமுடையவர்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஒரே தட்டில் கையிட்டு உண்டவர்கள் அவ்வளவு எளிதில் பகைப்பதில்லை. உணவு சமைப்பவர் இன்ன சாதி என்பதால் பிள்ளைகளை உண்ணாமல் தடுக்கும் பெற்றோர் இன்றும் ஆங்காங்கே இருக்கிறார்கள் என்ற செய்தி வரும்போது, அந்த ஊரில் குடிமைப் பாடம் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றிருந்தாலும் தோற்றதாகவே பொருள்.

உறுதிமொழியும் மௌனமும்

பள்ளிகளில் சொல்லப்படும் நாட்டு உறுதிமொழிக்கு ஒரு வரலாறுண்டு. அதை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அலுவலராகப் பணியாற்றியவர். 1962இல் தெலுங்கில் எழுதினார். 1964 அக்டோபரில் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய கல்வியமைச்சர் எம்.சி. சாக்ளா. உறுதிமொழி நாடெங்கும் பள்ளிகளில் சொல்லப்படவேண்டும் என்ற முடிவு அங்கே எடுக்கப்பட்டது. 1965 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு தெலுங்கர் எழுதியதை ஒரு முஸ்லிம் அமைச்சர் நாட்டுக்கு அளித்தார். மௌலானா ஆசாத், சாக்ளா, நூருல் ஹசன் என நாட்டின் கல்விப் பொறுப்பைச் சுமந்தவர்களின் வரிசையை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதுண்டா?

சொல்ல வைப்பது எளிது. எதுவரை சொல்ல வைக்கலாம் என்பது கடினமான வினா. 1985இல் கேரளத்தில் ஒரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தம் சமய நம்பிக்கை காரணமாக நாட்டுப்பண் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றனர். பள்ளி அவர்களை வெளியேற்றியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1986 ஆகஸ்டில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி வழங்கிய தீர்ப்பு, எழுந்து நிற்பதே மரியாதை. பாடாதிருப்பது குற்றமாகாது என்று கூறி அப்பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. சகிப்புத்தன்மை நம் மரபு, அதை நீர்த்துப்போகச் செய்யலாகாது என்னும் கருத்தோடு அத்தீர்ப்பு முடிகிறது. அந்த மூன்று பிள்ளைகளும் அவர்களோடு படித்தவர்களும் கற்ற குடிமைப் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது. சிறு பிள்ளையின் மனச்சான்றுக்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கூடியது என்பதைவிடப் பெரிய நாட்டுப்பற்றுப் பாடம் எது?

மீண்டும் மலைக்கு

இவ்வரலாறுகள் அனைத்தும் ஒரே இடத்துக்கு நம்மை அழைத்துச் செல்கின்றன. பிள்ளை தன் நாட்டைப் பாடநூலில் காண்பதற்கு முன்பே பள்ளியில் காண்கிறது. மலையூரில் ஆறு வயதுக் குழந்தைக்கு அரசு என்பது என்ன? பாராளுமன்றக் கட்டடத்தின் படமன்று. காலையில் ஆசிரியர் வந்தாரா, வரவில்லையா என்பது அரசு. சோறு வெந்ததா, தண்ணீர் வந்ததா, மழைக்காலத்தில் ஓடை கடக்கப் பாலம் உண்டா என்பது அரசு. சாதிச் சான்றிதழுக்குத் தந்தை எத்தனை முறை அலுவலகத்துக்கு நடந்தார், அங்கே அவரை நிற்க வைத்தார்களா, அமர வைத்தார்களா என்பது அரசு. இவற்றில் பிள்ளை கற்றுக்கொண்டதை எந்தப் பாடநூலாலும் அழிக்க முடியாது.

ஆகவே கடமையைக் கற்பிக்கும் முன் உரிமை கைக்கு எட்டியிருக்கவேண்டும். 2002இல் வந்த 86ஆவது திருத்தம் இந்த உண்மையை ஓரளவு உணர்ந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி பெறுவதைப் பிள்ளையின் அடிப்படை உரிமையாக்கியது அது. பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பதினோராவது அடிப்படைக் கடமையாகப் பெற்றோர் மீது வைத்ததும் அதே திருத்தம். உரிமையும் கடமையும் ஒரே சட்டத்தில், ஒன்றையொன்று நோக்கி நின்றன. 1976இல் விடுபட்டது 2002இல் ஓரளவு ஈடுசெய்யப்பட்டது எனலாம். 2006இன் வன உரிமைச் சட்டம், மலைமக்கள் தலைமுறைகளாக உழுத நிலத்தின் மீது உரிமை கோர வழி திறந்தது.

2009இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வேறொரு கதவையும் திறந்தது. பள்ளி தோறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். கையெழுத்துக்கு மட்டும் கூடும் குழுக்கள் பல உண்டு. உண்மையாகக் கூடும் குழுக்களும் உண்டு. மலையூரில் ஒரு தாய் அக்குழுவில் எழுந்து நின்று, ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பது ஏன் என்று கேட்கும் நாளில், ஜன்னல் வழியே அதைக் காணும் அவள் மகள் குடியரசு என்றால் என்னவென்று கற்றுவிடுகிறாள். பாட்டன் ஜாகீர்தார் முன் கைகட்டி நின்றார். தாய் அலுவலர் முன் கேள்வி கேட்டாள். இரண்டு தலைமுறையில் நடந்திருக்கவேண்டிய மாற்றம் அதுதான்.

2022இல் பள்ளியை எரித்த கூட்டத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அவர்கள் சினத்தில் ஒரு நீதிக் கோரிக்கை இருந்தது. கேட்டால் விடை கிடைக்கும், முறையிட்டால் விசாரிப்பார்கள் என்னும் நம்பிக்கைதான் இல்லை. அந்த நம்பிக்கை மேடைச் சொற்பொழிவால் விளைவதன்று. சிறு வயதில் வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுத்து, அவன் தவறினால் மாற்றிப் பழகிய பிள்ளைக்கு அது வரும். ஆசிரியரிடம் அச்சமின்றிக் கேள்வி கேட்டு நேரான விடை பெற்றுப் பழகிய பிள்ளைக்கு வரும். எரிந்த பேருந்துகளின் கணக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நம்பிக்கை இழந்த பிள்ளைகளின் கணக்கைப் பார்க்கவேண்டியவர்கள் நாம்.

நம் இல்லங்களுக்கும் இதில் பங்குண்டு. நம் பிள்ளை படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழு கூடும் நாளை நாம் அறிந்து வைத்திருக்கிறோமா? பிள்ளையின் தட்டுக்கு அருகே எந்தப் பிள்ளை அமர்ந்து உண்கிறது என்று மகிழ்ச்சியோடு விசாரித்திருக்கிறோமா? நம் பகுதியின் பொதுப்பள்ளிக்கு ஒரு குடிநீர்த் தொட்டி, ஒரு நூலக அலமாரி என்று ஏதேனும் செய்திருக்கிறோமா? அக்காலத்துச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் சமயம் பாராமல் அள்ளிக் கொடுத்தனர். கடுக்காயை மலையிலிருந்து வாங்கிய கைகள், மலைப்பள்ளிக்குப் புத்தகம் ஏற்றி அனுப்பினால் அதைவிட நேர்த்தியான வணிகம் வேறில்லை.

அப்பு கானின் ஆட்டுக் கதையை வெள்ளிமலையின் ஒரு பள்ளியில் படித்துக் காட்டினால், அப்பிள்ளைகளுக்கு ஆட்டையும் மலையையும் விளக்கவேண்டி இராது. கழுத்துக் கயிறு அவர்கள் பாட்டன்மார் அறிந்ததே. முதிய பறவை ஏன் சாந்தினி வென்றது என்று சொன்னது என ஆசிரியர் கேட்கட்டும். பிள்ளைகள் சொல்லும் விடைகளை அவர் பொறுமையாகக் கேட்கட்டும். குடிமைப் பாடம் அந்த இடத்தில் தொடங்கிவிடும்.